பங்காளி ரொட்டியும் இரண்டு வீட்டுக் குழம்பும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன். "பினாங்குக்கு வந்திருந்தேன். சூலியா தெருப் பக்கம் ஒரு கடையில் நாசி கண்டார் சாப்பிட்டேன். பரிமாறிய பெரியவர் எங்கள் இராமநாதபுரத்துத் தமிழ் பேசினார். கல்லாவில் இருந்த அவர் மகனிடம் 'நீங்களும் தமிழா?' என்று கேட்டேன். 'நான் மலாய்' என்று மலாயிலேயே பதில் சொன்னார். என் கொள்ளுத்தாத்தாவும் பினாங்கில் சம்பாதித்தவர்தான். இது யாருடைய சாப்பாடு? இவர்கள் யார்?"

அப்பனும் பொய் சொல்லவில்லை, மகனும் பொய் சொல்லவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் மகன் ஏதோ தன் இனத்தை மறைப்பதாக நினைத்து வருத்தத்தோடு திரும்பிப் போகிறார்கள். என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகன் அப்படிப்பட்ட ஒரு மகன். நான் அப்படிப்பட்ட ஒரு பெரியவராக ஆகிக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தட்டிலிருந்து ஆரம்பிப்போம். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவுதடி. பழந்தமிழில் அதற்கு 'கா' என்றே பெயர். முருகனுக்கு எடுக்கும் காவடியிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். விடியும் முன் துறைமுகத்துக்குப் போய், தொங்கான் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கும் கூலிகளுக்கு விற்பார்கள். அதனால் இது பசியாறுவதற்கான சாப்பாடுதான். இன்றைக்கு நள்ளிரவில் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்களே, அதெல்லாம் பிறகு வந்த பழக்கம்.

குழம்புகளை ஏன் கலந்து ஊற்றுகிறார்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். என் நன்னா, அதாவது அப்பாவின் அப்பா, சொன்ன காரணம் இது. கூலிக்காரனிடம் சோற்றுக்கும் ஒரு துண்டு மீனுக்கும்தான் காசு இருக்கும். குழம்புக்குத் தனிக் காசு கிடையாது. அதனால் கோழிச் சட்டியில் ஒரு கரண்டி, இறைச்சிச் சட்டியில் ஒரு கரண்டி, மீன் சட்டியில் ஒரு கரண்டி என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்து ஊற்றினால், கடித்தது ஒரு துண்டு மீன் என்றாலும் வாய்க்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும். சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றச் சொல்ல வேண்டுமானால் 'பாஞ்சிர்' என்பார்கள். வெள்ளம் என்று பொருள்.

இப்போது அந்தத் தட்டைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மீன் குழம்பில் வெந்தயம், புளி, கறிவேப்பிலை. அது நம் கடற்கரை. கறுப்பாக, லேசாக இனிக்கும் இறைச்சி இருக்கிறதே, அதன் கறுப்பு கெச்சாப்பிலிருந்து வருவது. கெச்சாப் என்பது ஹொக்கியன் சீனர்களின் சொல், சோயாவும் அவர்களுடையதே. அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. மிளகாயைப் போர்த்துக்கீசியர் கொண்டுவரும் வரை நமக்கும் தெரியாது, மலாய்க்காரர்களுக்கும் தெரியாது. பெயர் மலாய்ப் பெயர். பல கடைகளில் கடையே சீனருடையது. காப்பியும் தேநீரும் அவர் விற்பார், அதே கூரையின் கீழ் ஒரு மூலையில் நம் ஆள் சோறு விற்பார். மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸும் இதே கதைதான். மஞ்சள் மீயும் தௌகு என்ற சோயாக் கட்டியும் சீனர் கொண்டுவந்தவை. மிளகாயையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் அரைத்து ஊற்றிப் பிரட்டுகிற கை தமிழ் முஸ்லிமுடையது.

புளி விஷயத்தில் ஒரு வேடிக்கை. மலாய்க்காரர்கள் அதை 'ஆசாம் ஜாவா' என்பார்கள், ஜாவாப் புளி என்று. அரபுக்காரர்களோ அதை இந்தியப் பேரீச்சை என்றார்கள். யார் வாயில் புளித்தாலும் பக்கத்து ஊர்க்காரன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சொற்களும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. கடை மலாயில் 'கெடாய்'. கப்பல் 'காப்பால்'. வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடால்'. மாம்பழம் 'மெம்பெலாம்'. மீசை 'மீசாய்'. கறி கறியேதான், கஞ்சி கஞ்சியேதான். நாமும் சும்மா இருக்கவில்லை. ரப்பரைக் கித்தா மரம் என்றும் கிராமத்தைக் கம்பம் என்றும் நாங்கள் தமிழில் பேசுவதெல்லாம் கெத்தாவும் கம்போங்கும்தான். ஆனால் ரொட்டி சானாய் 'சென்னை ரொட்டி' என்பதிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதை மட்டும் நான் நம்புவதில்லை. சானாய் என்றால் மலாயில் மாவைத் தேய்த்து விரிப்பது. அது போதும்.

சரி, ஆட்களுக்கு வருவோம். தமிழர்கள் இங்கே வந்த கதையைச் சொல்லும்போது இராஜேந்திர சோழன், கடாரம் என்று ஆரம்பிப்பது வழக்கம். கடாரம் கெடாவில்தான் இருக்கிறது, படையெடுப்பு நடந்தது 1025-ல். எல்லாம் உண்மை. ஆனால் சோழனின் படைவீரன் யாரும் எங்கள் வீட்டுக்குக் குழம்பு வைக்கச் சொல்லித்தரவில்லை. எங்கள் கதை அதற்கு வெகுகாலம் பின்னால் வந்த வியாபாரிகள் கதை. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த முஸ்லிம் வியாபாரிகளை இங்கே சூலியா என்றார்கள். சோழ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பிரான்சிஸ் லைட் 1786-ல் இந்தத் தீவில் கொடி நாட்டியபோது அக்கரையில் கெடாவில் அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1790-களில் அவர் எழுதிய அறிக்கையில், தீவில் குடியேறிய சூலியாக்கள் சுமார் ஆயிரம் பேர் என்றும், அவர்களில் பலர் கெடாவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் இருக்கிறது. அதாவது இந்த ஊர் பிறக்கும்போதே, 'எங்கிருந்து வந்தாய்?' என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத ஆட்கள் இங்கே இருந்தார்கள். அவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் கட்டிய பள்ளிவாசல்தான் 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கிலிங் பள்ளி. கிலிங் என்ற சொல் இன்றைக்கு நம்மைத் திட்டும் சொல்லாகிவிட்டது, பள்ளிவாசல் பெயரில் மட்டும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த வியாபாரிகளில் பலர் இங்கே மலாய்ப் பெண்களைக் கட்டினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் ஜாவி பெரானாக்கான். மலாய் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், நாலு இடம் போனவர்கள். 1876-ல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ப் பத்திரிகையை நடத்தியவர்கள் அவர்கள்தான். பத்திரிகையின் பெயரும் ஜாவி பெரானாக்கான்.

இனம் இனமாகப் பிரிந்து அடித்துக்கொண்ட ஊர் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1867 ஆகஸ்டில் பினாங்கில் பெரிய கலவரம் நடந்தது. ஒரு பக்கம் வெள்ளைக் கொடி, மறுபக்கம் சிவப்புக் கொடி. இரண்டிலும் மலாய்க்காரரும் தமிழ் முஸ்லிம்களும் இருந்தார்கள். ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு சீனச் சங்கத்தோடு கூட்டு. சண்டையிலேயே இப்படிக் கலந்து நின்றவர்கள் சட்டியில் கலந்ததில் என்ன அதிசயம்?

என் நன்னாவின் ஊர் தொண்டிக்குப் பக்கத்தில். 1927-ல் பத்தொன்பது வயதில் ரஜூலா கப்பலில் டெக் பயணியாக வந்தார். அந்தக் கப்பல் அதற்கு முந்தைய வருஷம் கட்டியது. நம் கரைக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே 1970-கள் வரை ஓடியது. உங்கள் கொள்ளுத்தாத்தாவும் அதில் வந்திருக்கலாம், தேதியைப் பாருங்கள். நன்னா முதலில் ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், மூட்டை தூக்கினார். பிறகு ஊர்க்காரர் ஒருவரிடம் காவுதடி வாங்கிச் சோறு விற்க ஆரம்பித்தார். நடுவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்தார். 1934-ல் என் அத்தா, அதாவது அப்பா, ஊரில் பிறந்தார். நன்னா இங்கே திரும்பி, 1936-ல் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் இது அபூர்வமில்லை. உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒரு பெரியம்மா பேச்சை மாற்றினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே கட்டிய மனைவி ஜாவி பெரானாக்கான் குடும்பத்துப் பெண். நாங்கள் அவரைத் தோக் என்போம். மலாயில் பாட்டி. ஊரில் இருந்த பாட்டி நன்னி. ஒரே மனிதரின் இரண்டு மனைவிகளுக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர். தோக்கின் முன்னோர்களில் ஒருவர் நாகப்பட்டினத்துப் பக்கம் துணி வியாபாரி என்று சொல்லுவார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் மலாயில் வரும். நன்னா தமிழில் திட்டுவார், தோக் மலாயில் திட்டுவார். ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமையலறையில் நடந்த ஒரு யுத்தத்தைச் சொல்ல வேண்டும். மீன் குழம்பில் சேரை போடக் கூடாது என்பது நன்னாவின் சட்டம். சேரை என்றால் எலுமிச்சைப் புல். "எங்க ஊர்ல மாட்டுக்குப் போடுற மாதிரி இருக்கு" என்பார். தோக் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு தண்டை நசுக்கி, முடிச்சுப் போட்டு, குழம்பு கொதிக்கும்போது உள்ளே விட்டு, நன்னா சட்டியைத் தூக்க வரும் முன் எடுத்துப் போட்டுவிடுவார். துறைமுகத்தில் சாப்பிடுகிறவர்கள் குழம்பு வாசமாக இருக்கிறது என்று சொல்ல, நன்னா அதை ஊர் வெந்தயத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம் என்றால், சாகும் வரைக்கும். இதைத் தோக் எனக்குச் சொன்னது நன்னா அடங்கிய பிறகு, மூன்றாம் நாள் பாத்திஹா சாப்பாட்டுக்கு அதே மீன் குழம்பை வைத்துக்கொண்டிருக்கும்போது. அன்றைக்கும் முடிச்சுப் போட்டார். ஆனால் எடுத்துப் போடவில்லை.

1941 டிசம்பர் 11. ஜப்பான் விமானங்கள் பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுன் மேல் வந்தன. ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம்தான் குண்டு விழுந்தது. நன்னா அன்றைக்குச் சரக்கு தீர்ந்து வெறும் சட்டியோடு திரும்பிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். தோக்கின் சொந்தக்காரர்கள் தீவின் மறுபக்கத்துப் பாலிக் பூலாவில் இருந்தார்கள், குடும்பம் அங்கே ஓடியது. அரிசி கிடைக்காது. ஜப்பான்காரன் காலம் என்றாலே எங்கள் வீடுகளில் மரவள்ளிக் கிழங்கு என்று அர்த்தம். நன்னா அவித்த மரவள்ளி மேல் குழம்பு ஊற்றி விற்றார். மரவள்ளி மலாயில் ஊபி காயு, அதனால் வீட்டில் அதற்கு 'ஊபி கண்டார்' என்று பெயர். தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில் வேலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. நன்னா அந்த வருஷங்களில் பகலில் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இதில் ஊரில் இருந்த நன்னிக்கு என்ன ஆயிற்று? மூன்றரை வருஷம் மணியார்டர் இல்லை, கடிதம் இல்லை. புருஷன் செத்துப்போனான் என்றே எல்லாரும் சொன்னார்கள். 1946-ல் ஒரு கடிதம் வந்தது. உயிரோடு இருப்பதாக முதல் வரி. இங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாகவும், எட்டு வயதில் ஒரு பையன் இருப்பதாகவும் கடைசி வரி. அந்தக் கடிதத்தை நன்னி பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் படிக்கச் சொன்னாராம், அவருக்கு எழுத்து தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருக்கட்டும், ஆள் இருக்காருல்ல" என்று மட்டும் சொன்னாராம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அடுத்த கப்பலில் ஊருக்குப் போன ஒருவரிடம் தோக் ஒரு பார்சல் கொடுத்துவிட்டார். டோடோல், இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சான் ஒரு கட்டி, ஒரு கைலி. பெலாச்சானை நன்னி பிரித்துப் பார்த்து, கெட்டுப்போன ஏதோ என்று நினைத்துத் தென்னைமரத்தடியில் புதைத்துவிட்டார். டோடோலை எல்லாரும் சாப்பிட்டார்கள். அதற்கு அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, கீழக்கரையில் தொதல் என்று விற்பதே அதுதான். பதிலுக்கு நன்னி கருவாடும் மாவடுவும் கொத்தவரங்காய் வற்றலும் அனுப்பினார். இப்படி இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், பத்துப் பதினைந்து வருஷம் கப்பலில் போகிறவர் வருகிறவர் கையில் பொட்டலம் மாற்றிக்கொண்டார்கள். கொத்தவரங்காய் வற்றலைத் தோக் வறுத்து நாசி கண்டாருக்குத் தொட்டுக்கொள்ள வைத்தார், சீனக் கூலிகள் அதை விரும்பிக் கேட்டார்களாம். உங்கள் வீட்டில் 'பினாங்குச் சாமான்' என்று ஏதாவது பேச்சு அடிபட்டால், அனுப்பியது யார் என்று கேளுங்கள். நம் ஆண்கள் கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்புகிற ரகமில்லை.

1949-ல் என் அத்தா பதினைந்து வயதில் கப்பல் ஏறினார். நல்ல நேரம்தான். 1953-லிருந்து குடிநுழைவுச் சட்டம் இறுகி, அப்படிச் சும்மா ஏறி வர முடியாமல் போனது. நன்னி அவர் கையில் ஒரு பித்தளை உழக்கு கொடுத்து அனுப்பினார். மசாலாவுக்கு மல்லி இத்தனை உழக்கு, மிளகாய் இத்தனை, வெந்தயம் அடியில் இந்தக் கீறல் வரைக்கும் என்று வாயால் சொல்லி, அத்தாவை மனப்பாடம் செய்ய வைத்தாராம். அத்தா அதைத் தோக்கிடம் ஒப்பித்தார். தோக் கேட்டுக்கொண்டு, வெந்தயம் அதிகம் என்றார். ஆனால் அன்றிலிருந்து அந்த உழக்கில்தான் அளந்தார்.

வந்த அன்றே அத்தாவுக்கு ஒரு தம்பி கிடைத்தான். பதினோரு வயது, மலாய்ப் பள்ளிக்கூடம், தமிழ் அரைகுறை. என் சாச்சா. இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே காவுதடியை மாற்றி மாற்றிச் சுமந்து வளர்ந்தவர்கள்.

பிரிவு வந்தது சமையலறையிலிருந்து இல்லை, காகிதத்திலிருந்து. 1957-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 160-வது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர், வழக்கமாக மலாய் பேசுகிறவர், மலாய் மரபுகளைக் கடைப்பிடிக்கிறவர், இந்த மண்ணோடு பிறப்பாலோ குடியிருப்பாலோ தொடர்பு உள்ளவர். இரத்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சாச்சா அந்த வரையறைக்குள் ஒரு ஓரமும் இடிக்காமல் உட்காருவார். தாய்மொழி மலாய், பிறந்தது இந்தத் தீவு, தாயும் இந்தத் தீவு. அவர் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் மெலாயு என்று வந்தது. எங்கள் வீட்டில் தமிழ். என் அம்மா கடையநல்லூர்க் குடும்பம், வீட்டில் மலாயில் பேசினால் கரண்டி பறக்கும். எங்கள் பத்திரத்தில் இந்தியர். ஒரே நன்னாவின் பேரப்பிள்ளைகள்.

அத்தாவுக்கு நீண்ட காலம் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டைதான், குடியுரிமை இல்லை. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. பெர்மிட் கிடைக்காமல் பல்லாயிரம் தமிழர்கள் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த வருஷம் திரும்பினார் என்று பாருங்கள், 1969, 70 என்றால் அவர் ஆசைப்பட்டுத் திரும்பியிருக்க மாட்டார். அத்தா குடிமகனுக்குரிய நீல ஐசி வாங்கும் வரை சாச்சாதான் ஒவ்வொரு கவுன்டராகக் கூட அலைந்தார். "இவர் என் அண்ணன்" என்று மலாயில் சொல்ல, எழுதுகிறவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாராம்.

நல்லதை மட்டும் சொன்னால் ஏமாற்றுவதாகும். என் மகனும் சாச்சாவின் மகன் வழிப் பேரனும் ஒரே வருஷம் பரீட்சை எழுதினார்கள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். அவனுக்கு இடம் கிடைத்தது, என் மகனுக்குக் கிடைக்கவில்லை. மலாய்க்காரர் முதலானவர்களுக்குச் சலுகை தரும் பூமிபுத்ரா, மண்ணின் மைந்தர், என்ற சொல்லுக்குள் ஒருவன் இருந்தான், இன்னொருவன் இல்லை. அது அந்தப் பிள்ளையின் தவறில்லை. ஆனால் நான் ஒரு பெருநாளன்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே, "எங்க நன்னா சோத்துப் பானையச் சுமந்தப்ப நீங்க மலாயா இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். தோக் இருந்திருந்தால் என் தலையில் தட்டியிருப்பார். சுமந்தவரின் சோற்றை ஆக்கியவர் அவர்தானே. அதற்குப் பிறகு ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

பினாங்கில் ரொட்டி பெங்காலி என்று ஒரு ரொட்டி உண்டு. வங்காளத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, சுடுகிறவர்கள் தமிழ் முஸ்லிம்கள். பேக்கரியை ஆரம்பித்தவர் வேலையாட்களுக்கும் பங்கு கொடுத்தார், அதனால் 'பங்காளி ரொட்டி', அதுதான் வாய் மாறி பெங்காலி ஆனது என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஏற்பார்களோ என்னவோ, எனக்கு இந்தக் கதையை விட மனசில்லை. கூட்டாளிக்கும் பங்காளிதான், அண்ணன் தம்பி வழிவந்தவனுக்கும் பங்காளிதான், வரப்புக்கு வெட்டிக்கொள்கிறவனையும் பங்காளி என்றுதான் சொல்கிறோம். யாருடைய சாப்பாடு என்று கேட்டீர்களே, நான் கொடுக்கக்கூடிய பதில் இந்த ஒரு சொல்தான்.

ஆனால் தமிழருடைய சாப்பாடு என்று மொத்தமாக எழுதிவிடவும் முடியாது. என் அடுத்த வீட்டு அம்மா தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர் முன்னோர் ரப்பருக்கும் முந்திக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பார். நாசி கண்டார் கடையில் எல்லாச் சட்டியிலும் ஒரே கரண்டி போகிறது, அதில் மாட்டிறைச்சியும் உண்டு என்று அவர் வாசலோடு சரி. கடையில் கேட்பது தமிழ்தான், அது அவருக்கு எந்த விதத்தில் உதவும்? 'மாமாக் கடை' என்று அவரும் மலாய்க்காரர் போலவேதான் சொல்வார். மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டது மாமாக் ஆகி, இப்போது சிலர் வாயில் கொஞ்சம் ஏளனமும் சேர்ந்துவிட்டது.

நன்னாவின் காவுதடி 1960-களில் ஒரு தள்ளுவண்டியானது, பிறகு வாடகைக் கடைவீட்டின் முன்பக்கமானது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ல் இல்லாமல் போனபோது கடைவீட்டு உரிமையாளர் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டவில்லை. நகருக்குள் இருந்த எத்தனையோ குடும்பங்கள் அப்படி வெளியே போயின. 2008-ல் ஜார்ஜ் டவுன் உலக மரபுச் சின்னமாயிற்று, நாங்கள் சோறு விற்ற இடத்தில் இப்போது பூனை படம் போட்ட குளிர்பானக் கடை இருக்கிறது. 2024-ல் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் எல்லாம் சேர்த்து, யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான், வாடகை குறையவில்லை.

கடை இப்போது ஜெலுத்தோங்கில், ஒரு சீனர் காப்பிக் கடையின் மூலையில். நடத்துவது சாச்சாவின் மகன். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்ததும் ஒரு சாப்பாட்டு வரிசையில்தான். நோன்பு மாதத்தில் கப்பித்தான் கிலிங் பள்ளியில் கஞ்சி ஊற்றுவார்கள், தூக்குச்சட்டியோடு எல்லா இனத்தாரும் வருவார்கள். எனக்கு முன்னால் நின்றவன் திரும்பினான், அவன்தான். அவன் மலாயில் "உடம்பு எப்படி?" என்றான். நான் தமிழில் "இருக்கேன், நீ இளைச்சுட்டே" என்றேன். இதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மறுநாள் அவன் வீட்டிலிருந்து தால்சா வந்தது.

உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது பற்றி: வெறும் பெயரை வைத்துக்கொண்டு வராதீர்கள். எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசல் அல்லது கோயில், எந்த ஊர்க்காரர்களோடு தங்கினார், என்ன கப்பல், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். செட்டியார் குடும்பமாக இருந்தால் தண்ணீர்மலை என்று யாருக்காவது பெயர் இருக்கிறதா பாருங்கள், அது இந்த ஊர் முருகன் பெயர். பழைய கடிதங்களின் உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விலாசம் அதில்தான் இருக்கும். இங்கே உங்களுக்கு மலாய் பேசும் சொந்தக்காரர்கள் இருக்கலாம். இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

வந்தால் ஜெலுத்தோங் கடைக்கு அழைத்துப் போகிறேன், ஏழு மணிக்கு முன்னால் போக வேண்டும், கறுப்பு இறைச்சி சீக்கிரம் தீர்ந்துவிடும். மசாலாப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த உழக்கு இருக்கும். அடியில் கீறல் தேய்ந்துபோனதால் அவன் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறான். தோக் சொன்ன அளவுக்கா, நன்னி சொன்ன அளவுக்கா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, குழம்பு வேணுமா வேண்டாமா என்று கேட்டான்.